மேடை வேலைக்கே முழுசாக வந்துவிடலாமா? மூன்று ஷோ முடித்திருக்கிறேன், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை

திண்டிவனம்24:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் இருந்தேன், ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தபோது எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். சென்னையில் லைட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் அவர் வேலை செய்கிறார், ஆள் பற்றவில்லை, வாடா என்றார். போனேன். ஒரு கல்லூரி கல்சுரல்ஸ், ஹோட்டலில் ஒரு கம்பெனி விழா, போன வாரம் திறந்தவெளியில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி என்று மூன்று முடித்தாயிற்று.

வேலை கஷ்டம்தான். காலை ஆறு மணிக்கு குடோனில் ஏற்ற ஆரம்பித்தால் மறுநாள் விடியும்போதுதான் அதே குடோனில் இறக்கி முடிக்கிறோம். போன வாரம் எல்இடி வாலுக்கு மட்டும் 96 பேனல் தூக்கினேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஆனால் ஒன்று நடந்தது. ஷோ ஆரம்பிக்கும் நேரம், எல்லா லைட்டும் அணைந்து மைதானமே இருட்டாகிவிட்டது. நான் கருப்புத் துணிக்குப் பின்னால் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், காலடியில் பலகை அதிர்கிறது, அடுத்த நொடி காலையில் நான் கையால் மாட்டிய அந்தப் பதினாறு லைட்டும் ஒன்றாக எரிந்தது. தொழிற்சாலையில் ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூட அப்படி இருந்ததில்லை.

அப்பா விவசாயி. மூட்டை தூக்கவா படிக்க வைத்தேன் என்கிறார். ஷோவுக்கு 900 ரூபாய் பேட்டா, சாப்பாடு அவர்களுடையது. என் கேள்விகள்: இதில் மேலே வர வழி இருக்கிறதா, அல்லது நாற்பது வயதிலும் பெட்டிதான் தள்ளிக்கொண்டு இருப்பேனா? வருடம் முழுக்க வேலை இருக்குமா? முதலில் எதைக் கற்றுக்கொள்வது? அப்புறம், அடுத்த ஷோவில் ட்ரஸ் மேலே, அதாவது லைட் தொங்கவிடும் சட்டத்தின் மேலே, ஏறச் சொல்கிறார்கள். விழாமல் பிடிக்கிற பெல்ட் பற்றிக் கேட்டதற்கு, "சின்ன உயரம்தான், பார்த்துக்கலாம்" என்றார்கள். ஏறலாமா?

டிம்மர்ராக்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஏறாதே. ஃபுல் பாடி ஹார்னெஸும் இரண்டு கொக்கி உள்ள கயிறும் கையில் வரும்வரை ஏறாதே. இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் போதாது. இரண்டு கொக்கி எதற்கு என்றால், நகரும்போது ஒன்றைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டுகிற நேரத்தில் மற்றது உன்னைப் பிடித்திருக்க வேண்டும். எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும். எங்கே மாட்டுவது என்பதையும் தெரிந்த ஒருவர் கூட நின்று காட்ட வேண்டும், முதல் நாளே தனியாக ஏறாதே. பதினைந்து அடி சின்ன உயரம் இல்லை, கீழே இருப்பது சாமான் வரும் ஃப்ளைட் கேஸ் பெட்டிகளும் இரும்பும். ஹார்னெஸ் ஒன்று நல்லதாகவே இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் வாங்கிவிடலாம். முதலாளி வாங்கித் தரவேண்டியது அது, தரவில்லை என்றால் அடுத்த மூன்று பேட்டாவில் நீயே வாங்கிக்கொள்.

நான் 2009-இல் 250 ரூபாய் பேட்டாவில் ஆரம்பித்தேன். இப்போது லைட் ஆப்பரேட்டர், எல்லா லைட்டையும் இயக்குகிற கன்சோலில் உட்காருகிறேன். மேலே வர வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள். ஹெல்பராக வந்த பத்துப் பேரில் பெட்டியை இறக்கியதும் போனைப் பார்க்கிறவர்கள் பலர். இறக்கிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எதனோடு சேர்கிறது என்று பார்க்கிற ஒருவன்தான் அடுத்த வருடம் டெக்னீஷியன் ஆகிறான்.

முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது கேபிள் சுருட்டுவது. சிரிக்காதே, ஒருவன் கேபிளைச் சுருட்டும் விதத்தைப் பார்த்தே அவனை அடுத்த ஷோவுக்குக் கூப்பிடுவதா என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றிச் சுற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளும், நாலு மாதத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும். சரியான முறை இதுதான்: ஒரு வளையம் சாதாரணமாக, அடுத்த வளையத்தில் மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி கேபிள் அடியில் போகும்படி, மறுபடி சாதாரணமாக, மறுபடி அடியில். ஒரு சுற்றின் முறுக்கை அடுத்த சுற்று எடுத்துவிடும். அப்படிச் சுருட்டிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை வீசினால் முடிச்சே இல்லாமல் நேராக ஓடும். வீட்டில் இருபது மீட்டர் வயர் ஒன்றை எடுத்து ஒரு வாரம் பழகு.

அடுத்தது ட்ரஸ். இரண்டு துண்டு சேரும் இடத்தில் நாலு மூலையிலும் கூம்பு மாதிரி ஒரு இணைப்பு, அதற்கு இரண்டு பக்கமும் பின், ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சின்ன ஆர் கிளிப். அந்தக் கிளிப் இல்லாவிட்டால் அதிர்வில் பின் மெதுவாக வெளியே நகரும். ஏற்றுவதற்கு முன் நீயாகவே ஒரு சுற்று நடந்து எல்லாக் கிளிப்பையும் விரலால் தொட்டுப் பார். மேலே மாட்டுகிற ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் தவிர சேஃப்டி வயர் ஒன்று தனியாக இருக்கவேண்டும். நீ தூக்கிய 96 பேனலும் சேர்ந்தால் முக்கால் டன் வரும், அவ்வளவும் ஒருவன் தலைக்கு மேல்தான் தொங்கப்போகிறது.

நீ எலெக்ட்ரிக்கல் படித்தவன் என்பது பெரிய விஷயம், அதை நீ உணரவில்லை. எங்கள் துறையில் மின்சாரம் தெரிந்த ஆள் குறைவு. ஜெனரேட்டரில் வயர் முனைகளுக்கு லக் போட்டு முடுக்கும்போது முதலில் எர்த், அடுத்து நியூட்ரல், அதன்பிறகுதான் மூன்று ஃபேஸும். கழற்றும்போது தலைகீழ். ஷோ நடுவில் நியூட்ரல் லூஸ் ஆனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், 230 வோல்ட்டில் ஓடவேண்டிய பொருளில் 400 பக்கம் போய்விடும். என் கண் முன்னால் ஒரே நிமிடத்தில் எட்டு மூவிங் ஹெட் லைட்டின் உள்ளே இருக்கும் போர்டு கருகிப் போனது, காரணம் ஒரே ஒரு நட்டை யாரோ கையால் மட்டும் முடுக்கிவிட்டுப் போனது. பாடகர் மைக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று சொல்வார்கள், அது எர்த் சரியில்லாததால். மைதானத்தில் எர்த் ராடு அடித்துத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கிற ஆளாக நீ இரு. மின் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரித்து, முடிந்தால் அதையும் எழுதி வை, கையில் ஒரு சான்றிதழ் இருக்கட்டும்.

வருடம் முழுக்க வேலை என்றால், சீராக இருக்காது. தை பிறந்ததும் கல்யாணம், கல்லூரி விழாக்கள் என்று மார்ச் வரை தூக்கமே இருக்காது. பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் கச்சேரிகள் ஊர் ஊராக இருக்கும், சிலர் அந்த மாதத்தை அதிலேயே ஓட்டிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் ரத்தாகும், ஹோட்டல் ஹால்தான் கதி. மார்கழியில் சபாக்கள். தேர்தல் வந்தால் கூட்ட மேடைகள். அதனால் நல்ல மாதத்தில் வரும் காசை முழுக்க செலவு செய்துவிடாதே. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது எங்களுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றது, நான் ஒன்றரை வருடம் காய்கறி வண்டி ஓட்டினேன். கன்சோலோடு சேர்க்கிற விங் இரண்டு வாங்கி வைத்திருந்தேன், விற்றுத்தான் சாப்பிட்டோம். அதைச் சொல்லாமல் உன்னை வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றைக்கொக்கி:

டிம்மர்ராக் அண்ணன் சொன்னதை நான் வேறு விதத்தில் சொல்கிறேன். 2017-இல் ஒரு மண்டபத்தில் லைட் ஃபோகஸ் பண்ண ஏணியில் ஏறினேன். ஏணியைப் பிடித்திருந்த பையனை யாரோ வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவன் போய்விட்டான். பன்னிரண்டு அடிதான். வலது குதிகால் எலும்பு நொறுங்கியது. வேலைக்குக் கூப்பிட்டவர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார், பத்தாயிரம் கொடுத்தார், அதன்பிறகு போன் எடுக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை, நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கே அத்தாட்சி இல்லை. அம்மா நகை போனது. ஏழு மாதம் வேலை இல்லை.

அதனால் இந்த வாரமே செய்யவேண்டியது மூன்று. வங்கியில் போய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா போடு, வருடத்துக்கு 20 ரூபாய்தான், கணக்கிலிருந்து அதுவாகவே எடுத்துக்கொள்வார்கள். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். ஆஸ்பத்திரி செலவுக்கு அது உதவாது, அதற்கு வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் எடு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் பதிவும் செய்துவிடு, பழைய கம்பெனியின் பிஎஃப் முடிந்த கதையா என்று முதலில் பார்த்துக்கொள், பிஎஃப் ஓடுகிறவர்களுக்கு அது கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு ஷோவுக்கும் தேதி, இடம், நேரம், எவ்வளவு பேட்டா என்று வாட்ஸ்அப்பில் அவர்களையே அனுப்பச் சொல். "அண்ணா, மறந்துடுவேன், ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு மெசேஜ் இருந்திருந்தால் கதையே வேறு.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஷோ முடிந்து திரும்பும்போது லோடு மேல் தார்ப்பாயில் படுத்துக்கொண்டு வராதே. ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும் என்பது சட்டம், அதன்பிறகு கழற்றி ஏற்றுவதற்குள் மூன்று நாலு மணி ஆகிவிடும். வண்டி ஓட்டுகிறவரும் உன்னோடு சேர்ந்து காலையிலிருந்து விழித்திருப்பவர்தான். எனக்குத் தெரிந்து மேடையிலிருந்து விழுந்தவர்களை விட விடியற்காலை ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் அடிபட்டவர்கள்தான் அதிகம். முன்சீட்டில் உட்கார், டிரைவரோடு பேசிக்கொண்டே வா, அவர் கண் சொருகினால் நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடு.

நான் இப்போதும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். குதிகால் மழைக்கு வலிக்கும். ஏணியைப் பிடித்தால் மேலே இருப்பவன் இறங்கும்வரை யார் கூப்பிட்டாலும் கையை எடுக்கமாட்டேன்.

ஸ்கார்பரோக்காரன்:

தம்பி, நான் யாழ்ப்பாணம், ரொறன்ரோவில் பதினொரு வருடமாக இதே வேலை. முதலில் எங்கட ஆட்களின் கலியாண மண்டபங்களில் டெக்கரேஷன், லைட் என்று தொடங்கி, இப்ப பெரிய அரங்குகளில் சங்கத்தின் மூலம் அழைப்பு வரும். இங்கே மேடைத் தொழிலாளர்களுக்கு 1893-இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது, ஐயாட்ஸி என்று சொல்லுவார்கள், ரொறன்ரோவில் அதன் 58-ஆம் கிளை. எனக்கு வருகிற அழைப்புகளில் ஒரு மணித்தியால வேலைக்குக் கூப்பிட்டாலும் குறைந்தது நாலு மணித்தியாலக் காசு தரவேண்டும். மேலே ஏற வேண்டும் என்றால் உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி அட்டை இல்லாமல் விடமாட்டார்கள்.

இவ்வளவும் இருக்கிற ஊரிலேயே என்ன நடந்தது என்று கேளுங்கோ. 2012 ஜூன் 16, டவுன்ஸ்வியூ பூங்காவில் ரேடியோஹெட் என்ற இசைக்குழுவின் கச்சேரிக்குப் போட்ட மேடைக் கூரை சரிந்தது. ரசிகர்களை உள்ளே விடுவதற்குச் சற்று முன்னர். மேடையில் நின்ற ட்ரம் டெக்னீஷியன் இறந்துபோனார். அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில், 2011 ஆகஸ்ட் 13, இண்டியானா மாநிலச் சந்தையில் மழைக்கு முன்னர் வந்த ஒரு காற்றில் மேடை விழுந்து ஏழு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் எங்களைப் போல மேடைத் தொழிலாளி. பிறகு நடந்த விசாரணையில் வந்த முக்கியமான விஷயம், நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கே தெளிவாக இருக்கவில்லை.

அதனால் நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: காற்று வந்தால் யார் நிறுத்துவது? ஒரு ஆளின் பெயரைச் சொல்லவேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்ளுவம்" என்று சொன்னால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். திறந்தவெளி மேடையில் கூரையை எந்தக் காற்றுக்கு இறக்கவேண்டும் என்று ஒரு கணக்கு முதலே இருக்கவேண்டும், காற்றை அளக்கிற கருவியும் மேலே இருக்கவேண்டும். சென்னையில் சித்திரை வைகாசி பின்னேரங்களில் திடீரென்று வருமே ஒரு புழுதிக் காற்று, அதை நினைத்துப் பாருங்கோ.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கோ. 85 டெசிபல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். நூறு டெசிபலில் கால் மணித்தியாலம்தான். பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டரை மணித்தியாலம் கேபிள் பிடிக்கிறவர் நீங்கள். நுரைப் பஞ்சு பிளக் இங்கே ஒரு பெட்டியே சில டொலர்தான். எனக்கு இடது காதில் ராவில் நித்திரை கொள்ளும்போது ஒரு கீச்சுச் சத்தம் நிற்பதே இல்லை. முதல் நாலு வருடம் போடாமல் விட்டதன் விளைவு.

நீலத்திரை:

நான் நாடகம், பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறேன். இங்கே யாரும் இந்தப் பக்கத்தைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தம்பிக்கு அந்த இருட்டில் நின்ற நொடி பிடித்திருக்கிறது என்றால், கச்சேரி லைட் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம்.

மார்கழியில் ஒரு சபாவில் காலையிலிருந்து இரவு வரை வரிசையாகக் கச்சேரிகள் நடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. ஜமுக்காளத்தை இழுத்துச் சரிசெய்து, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்து, வயலினுக்கு உயரம் பார்த்து, கடம் வாசிப்பவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டு, தம்புராவை யாரும் தட்டிவிடாத இடத்தில் சாய்த்துவைத்து, கலைஞர் வந்து உட்காரும்போது தண்ணீர்ச் சொம்பு கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இதைச் செய்கிறவர் பெயர் அழைப்பிதழில் வராது. ஆனால் பெரிய வித்வான்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள்.

நாடகத்தில் இன்னும் நுட்பம். விளக்கு அணைந்ததும் பன்னிரண்டு நொடியில் கட்டில் போய் நாற்காலியும் மேசையும் வரவேண்டும். எல்லாம் இருட்டில், சத்தமில்லாமல். தரையில் ஒளிரும் டேப்பைச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டியிருப்போம், நாற்காலியின் பின்கால் இரண்டும் அதன்மேல் உட்காரவேண்டும். ஒருமுறை ஒரு பையன் மேசையை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டான், நடிகை இருட்டில் ஓடிவந்து விலாவில் இடித்துக்கொண்டு, வலியோடு அந்தக் காட்சியை முழுக்க நடித்து முடித்தார். அந்தப் பையன் அன்றிரவு அழுதான். அடுத்த நாள் முதல் யாரும் சொல்லாமலே அரைமணி முன்னதாக வந்து எல்லாக் குறிகளையும் அளந்து பார்த்தான், இப்போது அவன் இல்லாமல் நான் நாடகம் எடுப்பதில்லை.

திண்டிவனம் என்றால் புதுச்சேரி பக்கம்தானே. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது, அங்கே நாடகங்கள் நடக்கும்போது போய்ப் பாருங்கள். சென்னையில் 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் பணம் கம்மி, அதை ஒளிக்கவில்லை. ஆனால் எந்த லைட் எதற்காக எரிகிறது என்று உட்கார்ந்து பேசுவார்கள். அதைக் கேட்ட ஆள் கன்சோலில் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: வாருங்கள். எங்கள் குழுவில் லைட் மாட்டுவது இரண்டு பெண்கள். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, இரவு வீட்டுக்கு வண்டி உண்டா. இதில் எதுவும் அவர்கள் காட்டுகிற சலுகை இல்லை.

திண்டிவனம்24:

எல்லோருக்கும் நன்றி. ஒற்றைக்கொக்கி அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பீமா நேற்றே போட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பழைய மோட்டார் வயரை வைத்துக் கேபிள் சுருட்டிப் பழகினேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் வாங்கி அவரும் சுருட்டினார், மூன்றாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். கிணற்றடியில் வயர் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று இத்தனை நாள் தெரியவில்லை என்றார். அப்போதுதான் நீங்கள் எழுதியதெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். மூட்டை பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. விழுந்தால் யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

அதனால் இன்று காலை முதலாளிக்கே போன் செய்து, ஹார்னெஸ் இல்லாமல் ஏறமாட்டேன், கீழே எந்த வேலை என்றாலும் செய்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, நீ டிபி பாக்ஸ் பக்கம் நில்லு, மீட்டர் எடுத்துட்டு வா" என்றார். எல்லா லைனுக்கும் மின்சாரம் பிரிகிற பெட்டி அது. சனிக்கிழமை ஷோ, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். ஒரே ஒரு சந்தேகம், ஷூ எந்த மாதிரி வாங்குவது? இதுவரை செருப்பில்தான் போனேன்.

டிம்மர்ராக்:

செருப்போடு இனி வராதே. முன்னால் இரும்புத் தொப்பி வைத்த சேஃப்டி ஷூ, அடிப்பாகம் ரப்பர், லேஸ் கட்டுவதாகப் பார். நீ டிபி பக்கம் நிற்கப்போகிறாய், அதனால் மின்சாரத்துக்கு ஏற்றது என்று கடையில் கேட்டு வாங்கு. சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கு, நாள் முழுக்க நின்ற பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியாக இருக்கும். பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொள், மதியம் மாற்று. மீட்டரில் பேட்டரி புதிதாகப் போட்டுக்கொண்டு போ.